முடிச்சு எங்கே?

சனிக்கிழமை நண்பகல். லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலையில் காய்கறி வாங்க வந்தவர்களின் கூட்டம் நிரம்பி வழிந்தது. தேக்கா நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் நின்றுகொண்டு, உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவி ஒருத்தி எதிர்ப்பக்கத்துப் பூக்கடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த மின்னிலக்கப் புகைப்படக் கருவி பள்ளிக்குச் சொந்தமானது. புகைப்பட இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன.

அந்தக் கடையில் அமர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய பாட்டி. முப்பது ஆண்டுகளாக அதே கடையில், அதே முக்காலியில் அமர்ந்து பூக் கட்டுபவர். விரல் மூட்டுகளில் வலி அதிகமாகிவிட்டதால், வருகிற தீபாவளியோடு வேலையை நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு எட்டு வாரங்கள் இருந்தன. பாட்டி பூக் கட்டுவதை ஒரு படமாவது நன்றாக எடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பிறகு எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது.

அன்று அவள் 63 படங்கள் எடுத்தாள். அவற்றுள் தனக்குப் பிடித்த ஒன்றைக் கைத்தொலைபேசியில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. “அருமை!” என்றார் சித்தி. “சூப்பர்!” என்றார் மாமா. அண்ணன் ஐந்து கட்டைவிரல்களை அனுப்பியிருந்தான். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால், அடுத்த முறை படம் எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பதில்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டு நிமிட மௌனம்

புதன்கிழமை மாலை, இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியர் எல்லாருடைய படங்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். அங்கே ஒரு விதி இருந்தது. படம் எடுத்தவர் முதல் இரண்டு நிமிடங்களுக்கு வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: உங்கள் கண் முதலில் எங்கே சென்றது?
இரண்டு: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?
மூன்று: எதை எடுத்துவிட்டாலும் இந்தப் படம் குறையாது?

“நன்றாக இருக்கிறது”, “நன்றாக இல்லை” என்ற இரண்டையும் சொல்லக்கூடாது என்பது விதியின் மற்றொரு பகுதி.

அவளுடைய படம் திரையில் வந்தது. மலாய்த் தோழி ஒருத்தி முதலில் பேசினாள். “என் கண் அந்த மஞ்சள் பெயர்ப் பலகைக்குப் போனது. அதிலிருந்த எழுத்துகளைப் படிக்கப் பார்த்தேன்.” அடுத்துப் பேசிய சீன மாணவன், “கடைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முகம் சரியாகத் தெரியவில்லை. பணத்தை எண்ணுகிறார் போலிருக்கிறது” என்றான். மூன்றாவது கேள்விக்குப் பலர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: சாலை. படத்தின் பாதியை வெயில் பளபளக்கும் வெறும் சாலை பிடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அவர் பணம் எண்ணவில்லை, பூக் கட்டுகிறார். முப்பது ஆண்டுகளாகக் கட்டுகிறார். அவர் என் பாட்டி!” என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால், இரண்டு நிமிடங்கள் இன்னும் முடியவில்லை.

முடிந்ததும் அவள் அதையே சொன்னாள். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ இப்போது சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அவற்றுள் எதுவும் படத்தில் இல்லை. படம் போகும் இடத்திற்கெல்லாம் நீயும் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாது, அல்லவா?” என்றார்.

படம் எடுக்கத் தொடங்குவோர் பலருக்கும் இந்த இடத்தில்தான் தடுமாற்றம் ஏற்படுகிறது. எடுத்தவருக்குத் தன் படத்தைப் பார்க்கும்போது, அன்றைய வெயில், பூ மணம், பாட்டியின் குரல் எல்லாமே நினைவுக்கு வருகின்றன. பார்ப்பவருக்கோ சட்டத்துக்குள் இருப்பது மட்டுமே கிடைக்கிறது. இந்த இடைவெளியை எடுத்தவர் தாமாகவே கண்டறிவது கடினம். அதைக் காட்டுவதற்கு இன்னொருவரின் கண் தேவைப்படுகிறது. பூக்கடையில் என்ன நடக்கிறது என்பதை முன்பே அறியாத அந்தச் சீன மாணவனின் பதில், மாமாவின் “சூப்பரை”விட அவளுக்குப் பயன்பட்டது இதனால்தான்.

கருவிக்குப் பாட்டியைத் தெரியாது

படம் ஏன் அப்படி அமைந்தது என்பதை ஆசிரியர் அடுத்து விளக்கினார்.

மனிதக் கண், வெயிலில் நின்றுகொண்டே நிழலில் இருப்பவரின் முகத்தையும் ஓரளவு காணும் ஆற்றல் உடையது. கருவிக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. தானியங்கி முறையில் இயங்கும் கருவி, எதிரே உள்ள காட்சியின் ஒளியை அளந்து, மொத்தப் படமும் மிகையான வெளிச்சமாகவோ இருளாகவோ ஆகிவிடாதபடி நடுத்தரமாக அமைக்க முயல்கிறது. படத்தின் பாதியில் பளீரென்ற சாலை இருந்தால், கருவி ஒளியைக் குறைத்துவிடும். சாலை சரியாகிவிடும், நிழலில் அமர்ந்திருக்கும் பாட்டி இருண்டுவிடுவார். படத்தில் முக்கியமானவர் யார் என்பது கருவிக்குத் தெரியாது. அதை எடுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்குச் சில வழிகள் உள்ளன. கைத்தொலைபேசியாக இருந்தால், திரையில் முகத்தின்மீது விரலால் தொட்டால் போதும். அந்த இடத்தின் ஒளியைக் கருவி அளந்துகொள்ளும். பெரும்பாலான கருவிகளில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அமைப்பு உண்டு. எல்லாவற்றையும்விட எளிய வழி, எடுப்பவர் தம் இடத்தை மாற்றிக்கொள்வதுதான். பளீரென்ற சாலை சட்டத்துக்குள் வராதபடி நின்றுகொண்டால், அதைக் கருவி அளக்க வேண்டியதே இல்லை.

நேரத்தையும் மாற்றலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்குமேல் காய்கிறது. அந்த நேரத்தில் வெளியே நிற்பவரின் கண்களுக்குக் கீழே கருநிழல் விழும். காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக வரும், மென்மையாகவும் இருக்கும்.

ஒளிக்கு எதிராக நின்று எடுப்பது எப்போதுமே தவறு என்று இதற்குப் பொருள் அன்று. சிங்கப்பூரின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் யிப் சியோங் ஃபன் கடற்காட்சிப் படங்களுக்குப் பெயர் பெற்றவர். விடியற்காலையில் படகு செலுத்துவோரைக் காட்டும் அவருடைய 1957ஆம் ஆண்டுப் படம் இன்றும் பேசப்படுகிறது. 1984இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. விடியலின் ஒளியில் உருவங்கள் இருண்டு, வடிவங்கள் மட்டும் தெரிவது ஓர் அழகு. ஆனால் அது எடுப்பவர் விரும்பித் தேர்ந்துகொண்டதாக இருக்க வேண்டும். பாட்டியின் முகம் இருண்டுபோனது அவள் தேர்ந்துகொண்டது அன்று. அவளுக்குத் தெரியாமலேயே நடந்தது.

நெருங்கிச் செல்லுதல்

அடுத்த சனிக்கிழமை அவள் காலை எட்டரை மணிக்கே சென்றாள். இம்முறை சாலையைக் கடந்து, கடை வரிசையின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நின்றாள். 1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், கடைவீடுகளின் முன்புறம் கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அமைந்த அந்தப் பாதை, படம் எடுப்பவருக்கும் நல்லதோர் இடம். மேலே கூரை இருப்பதால் கடும் வெயில் விழாது. திறந்த பக்கத்திலிருந்து வரும் ஒளி பரவலாக வந்து முகத்தில் படும்.

முதல் இருபது படங்கள் வீணாயின. குளிரூட்டப்பட்ட ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்ததால், வெளியிலிருந்த ஈரக்காற்று பட்டவுடன் வில்லையின்மேல் நீராவி படிந்துவிட்டது. படங்கள் எல்லாம் பனிமூட்டத்தில் எடுத்தவைபோல் இருந்தன. கருவியைப் பைக்குள்ளேயே வைத்து, அது வெளிவெப்பத்துக்குப் பழகிய பிறகு எடுத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. அதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை, படங்களே சொல்லிவிட்டன.

வில்லை தெளிந்ததும் மீண்டும் எடுத்தாள். முதல் படத்திலிருந்த பெயர்ப் பலகையும் சாலையும் இப்போது சட்டத்துக்குள் இல்லை. இரண்டு எட்டு முன்னே வைத்ததும் அவை தாமாகவே விலகிவிட்டன.

அந்த வாரம் ஆசிரியர் ஒரு படத்தின் கதையைச் சொன்னார். 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர்களின் முகாமில் டோரதியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் ஒரு தாயையும் அவருடைய பிள்ளைகளையும் சந்தித்தார். சற்றுத் தொலைவிலிருந்து, கூடாரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். பிறகு சிறிது சிறிதாக நெருங்கிச் சென்று மேலும் சில படங்களை எடுத்தார். உலகம் முழுவதும் அறிந்திருப்பது, மிக அருகிலிருந்து எடுத்த படத்தைத்தான். கவலை தோய்ந்த தாயின் முகம். இருபுறமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கும் பிள்ளைகள். கூடாரம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முதல் படத்தோடு அவர் திரும்பிப் போயிருந்தால், அந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

கலங்கிய கைகள்

இரண்டாம் படத்தில் பாட்டியின் முகம் தெளிவாக இருந்தது. மூக்குக்கண்ணாடி, நெற்றியில் திருநீறு, மடியில் கிடந்த மல்லிகை எல்லாம் நன்றாகத் தெரிந்தன. ஆனால் கைகள் இருந்த இடத்தில் வெள்ளைப் புகைபோல் ஏதோ கலங்கிக் கிடந்தது.

“என் கண் நேராகப் பாட்டியின் முகத்துக்குப் போனது” என்றாள் மலாய்த் தோழி. “பிறகு அவர் பார்க்கும் திசையில் கைகளைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை.”

உயர்நிலை நான்கில் பயிலும் மாணவர் ஒருவர், படத்தோடு கருவி பதிவுசெய்திருந்த விவரங்களைப் பார்க்கச் சொன்னார். ஷட்டர் வேகம் 1/20 நொடி. காரணம் புலப்பட்டுவிட்டது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் நடக்கும் அசைவைக் கருவி ஒரே படமாகப் பதிவுசெய்கிறது. ஒரு கை நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 1/20 நொடியில் அது 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு மல்லிகை மொட்டின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1/500 நொடியாக இருந்தால் கை நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. படத்தில் அது அசையாமல் நிற்பதுபோலவே தெரியும்.

புகைப்படக் கலையின் தொடக்கக் காலத்தில் இது இன்னும் பெரிய சிக்கலாக இருந்தது. 1838இல் லூயி தகேர் பாரிஸ் நகரத்தின் சுறுசுறுப்பான வீதி ஒன்றைப் படம் எடுத்தார். ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அந்த வீதியில் சென்ற வண்டிகளும் மனிதர்களும் ஓரிடத்தில் நிற்காததால் படத்தில் பதிவாகவே இல்லை; வீதி வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தெரிகிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக நின்ற ஒருவரும் அவருடைய காலணியைத் துடைத்தவரும் மட்டும் பதிவானார்கள். புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்கள் அவர்கள் என்று கருதப்படுகிறது. மற்றவர்கள் அங்கே இருந்தும் இல்லாமல் போனார்கள். பாட்டியின் விரல்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

அப்படியானால் ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிட்டால் போதுமா? போதாது. 1/20 நொடியிலிருந்து 1/500 நொடிக்கு மாறினால், உள்ளே வரும் ஒளி 25 மடங்கு குறைந்துவிடும். அந்த இழப்பை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 200இலிருந்து 1,600க்கு உயர்த்தினால் எட்டு மடங்கு ஈடாகும். வில்லையின் ஒளித்துளையை அகலமாகத் திறந்து ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளியைப் பெறலாம். எட்டையும் மூன்றையும் பெருக்கினால் 24. கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடும்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஐஎஸ்ஓ எண் கூடினால் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். ஒளித்துளை அகன்றால், தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் குறையும், பின்னணி மங்கிவிடும். பின்னணியில் தொங்கிய பிளாஸ்டிக் பைகளும் விலைப் பட்டியலும் மங்கியதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவுசெய்வதுதான் இங்கே கற்க வேண்டிய பாடம்.

பாட்டியின் கருத்துரை

நான்காம் வாரம் அவள் எடுத்த படத்தில் எல்லாமே கூடிவந்திருந்தது. ஒளி சாய்வாக வந்து முகத்தில் பட்டது. பாட்டி சட்டத்தின் நட்டநடுவில் இல்லாமல், ஒரு பக்கமாக, மூன்றில் ஒரு பங்குக் கோட்டின்மேல் அமர்ந்திருந்தார். அவர் ஏந்தியிருந்த முழு மாலை சட்டத்தின் மறுபக்கத்தை நிரப்பியது. பாட்டி புன்னகை செய்துகொண்டிருந்தார். படத்தைக் கண்ட எல்லாரும் கைதட்டினர். அவள் அதை அச்சிட்டுப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் படத்தைப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிச்சு எங்கம்மா?”

“என்ன முடிச்சு பாட்டி?”

“இது மாலையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவ படம். மாலை வாங்க வர்ற எல்லாரும் இப்படிப் பிடிக்கலாம். நான் செய்யிற வேல இதுல எங்க இருக்கு?”

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்கு வாரங்களாகப் பாட்டியைப் படம் எடுத்தும், பூ எப்படி நாரில் நிற்கிறது என்பதை அவள் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. ஒளியைப் பார்த்தாள், பின்னணியைப் பார்த்தாள், கருவியின் எண்களைப் பார்த்தாள். வேலையைப் பார்க்கவில்லை.

“அப்போ எனக்குக் கட்டச் சொல்லிக் கொடுங்க பாட்டி” என்றாள்.

அன்று கருவி பைக்குள்ளேயே இருந்தது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் சேர வேண்டும். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்புகளின்மேல் மாட்டி இழுக்க வேண்டும். பாட்டி செய்தபோது இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. அவள் அரை மணி நேரம் முயன்று ஒரு முழம் கட்டினாள்.

பாட்டி அதை நன்று என்றும் சொல்லவில்லை. தீது என்றும் சொல்லவில்லை. சரத்தின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துச் சட்டென்று ஓர் இழுப்பு இழுத்தார். பாதிப் பூக்கள் தரையில் உதிர்ந்தன.

“நின்னதெல்லாம் நீ கட்டுனது. விழுந்தத எடுத்து மறுபடி கட்டு” என்றார்.

படக் கழகத்தின் இரண்டு நிமிட மௌனம் எதற்கு என்பது அவளுக்கு அப்போது முழுமையாக விளங்கியது. அங்கேயும் நடந்தது இந்த இழுப்புத்தான். யாரும் அவளை இகழவில்லை. படத்தை இழுத்துப் பார்த்தார்கள். நின்றது நின்றது, விழுந்தது விழுந்தது. விழுந்ததை எடுத்து மீண்டும் கட்டுவது மட்டும் அவளுடைய வேலை.

காத்திருந்து எடுத்த படம்

பூக் கட்டப் பழகிய பிறகு, அவள் பாட்டியைப் பார்த்த விதமே மாறிவிட்டது. வளையத்தை மாட்டி இழுப்பதற்குச் சற்று முன், பாட்டியின் சுண்டுவிரல் சிறிது உயரும்; கீழுதட்டைப் பற்களால் கடித்துக்கொள்வார். மறுகணம் நார் இறுகும். அந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். எப்போது வரும் என்று அறிந்தவர் மட்டுமே அதைப் பிடிக்க முடியும்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரெசோன் 1952இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பதிப்பு, ‘தீர்மானிக்கும் கணம்’ என்று பொருள்படும் தலைப்பைப் பெற்றது. அந்தச் சொற்றொடர் புகைப்படக் கலையில் நிலைத்துவிட்டது. அத்தகைய கணத்தை விரைவான விரல் மட்டும் பிடித்துவிடாது. அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே உணரும் அளவுக்கு ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும்.

ஏழாம் வாரம், ஐந்தடிப் பாதையின் தரையில் அமர்ந்து, பாட்டியின் கைகளுக்கு நேராகக் கருவியை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அரை மணி நேரத்தில் ஒன்பதே படங்கள் எடுத்தாள். சுண்டுவிரல் உயர்ந்தபோது மட்டும் அழுத்தினாள். ஏழாவது படத்தில் நார் விறைத்து நின்றது. முடிச்சு காம்புகளை நெரித்துக்கொண்டிருந்தது. நார் பதிந்து பதிந்து கன்றிப்போன ஆள்காட்டி விரலின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. பாட்டியின் முகத்தில், கடித்த உதடும் கண்ணாடியின் கீழ் விளிம்பும் மட்டுமே சட்டத்துக்குள் இருந்தன. கூர்ந்து பார்த்தால் இருண்ட பகுதிகளில் சிறு புள்ளிகளும் தென்பட்டன.

புதன்கிழமை அந்தப் படம் திரையில் வந்தபோது அவள் வழக்கம்போல் மௌனமாக அமர்ந்திருந்தாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பாட்டி பணம் எண்ணுகிறார் என்று முதல் வாரம் சொன்ன அதே மாணவன்தான் முதலில் வாய் திறந்தான்.

“பூக்களை நாரில் வைத்து இறுக்குகிறார்” என்றான். பிறகு, “விரல் வலிக்காதா?” என்று கேட்டான்.

பாட்டியின் மூட்டுவலியைப் பற்றி அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

கேட்டு வாங்கிய பெயர்

பள்ளியின் நுழைவாயிலில் மாணவர்களின் படங்களைக் கண்காட்சியாக வைக்க முடிவாயிற்று. “படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டாயா?” என்று ஆசிரியர் அவளிடம் வினவினார். பாட்டிதானே, கேட்க என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அப்போது ஆசிரியர், 1936ஆம் ஆண்டுப் படத்தின் மீதிக் கதையைச் சொன்னார்.

டோரதியா லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. படம் உலகப் புகழ் பெற்றது. படத்தில் இருந்தவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் இல்லாதவராகவே இருந்தார். 1978இல்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியே தெரிந்தது. அந்தப் படம் எடுக்கப்பட்டதைப் பற்றி அவர் மனக்குறையோடுதான் பேசினார். படம் துன்பப்பட்டோர்மீது உலகத்தின் பார்வையைத் திருப்பியது உண்மை. படத்தில் இருந்தவருக்கு வருத்தம் இருந்ததும் உண்மை.

அன்று மாலை அவள் இரண்டு படங்களையும் பாட்டியின்முன் வைத்துக் கேட்டாள். புன்னகை செய்யும் படத்தைப் பாட்டி வீட்டில் மாட்டச் சொன்னார். கைகளின் படத்தைப் பள்ளியில் வைக்கச் சம்மதித்தார். “கீழ என் பேர எழுதுவாங்களா?” என்று கேட்டார். எழுதினார்கள். பாட்டியின் பெயரும், அதற்குக் கீழே ‘பூக் கட்டுபவர், பஃபலோ சாலை, முப்பது ஆண்டுகள்’ என்ற வரியும் இடம்பெற்றன.

தீபாவளிக்கு மறுவாரம் முக்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தார்.

முதல் நாள் எடுத்த 63 படங்களை அவள் அழிக்கவில்லை. அவற்றுள் குடும்பக் குழுவுக்கு அனுப்பிய படத்தையும் மற்ற மூன்று படங்களையும் ஒரு கோப்பில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பிறர் சொன்ன கருத்தை எழுதி வைத்தாள். ‘கண் பெயர்ப் பலகைக்குப் போனது.’ ‘கைகள் தெரியவில்லை.’ ‘முடிச்சு எங்கே?’ கடைசிப் படத்தின் கீழே, ‘விரல் வலிக்காதா?’

மறு ஆண்டு, உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவன் ஒருவன் தன் முதல் படத்தைத் தயக்கத்தோடு திரையில் காட்டினான். ஓர் உணவங்காடிக் கடை, எதிர் வெயில், இருண்ட முகம். எல்லாரும் என்ன சொல்லப் போகிறார்களோ என்று அவன் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் அந்தப் படத்தை இரண்டு நிமிடங்கள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு, “என் கண் முதலில் எங்கே சென்றது என்று சொல்லட்டுமா?” என்று கேட்டாள்.